எதுவரைக்கும்னு கேளுல!

ஏ ஐயா, இங்கன வந்து உக்காரு. கையில என்னமோ மினுங்குதே, என்னது? பெட்ரோல் போட்டா துட்டு திரும்பி வார கார்டா? சந்தோசம். நூத்துக்கு எவ்வளவு வருதாம்? 7.25-ஆ! அடேயப்பா.

கச்சா எண்ணெய் எடுக்கது எங்கனயோ ஒரு நாட்டுக்காரன். காய்ச்சிப் பிரிக்கது ஒரு கம்பெனி. வரி போடுதது டெல்லியும் சென்னையும். லாரி வாடகை தனி. பல்க்குக்காரனுக்கு லிட்டருக்குச் சில ரூவா கமிஷன். இத்தனை பேரும் கை நனைச்ச பொறவு, கடைசியா வந்த பேங்க்காரன் உனக்கு நூத்துக்கு ஏழே கால் அள்ளிக் குடுக்கானாக்கும்? அவன் என்ன உனக்குத் தாய்மாமனா?

மூஞ்சியைத் தூக்காத. நான் பொய்யின்னு சொல்லல. குடுக்கான், நெசமாவே குடுக்கான். எதுவரைக்கும் குடுக்கான்னு கேட்டியா? கேட்டிருக்க மாட்ட. உங்க கூட்டம் பூராவும் எவ்வளவுன்னுதான் கேக்கும். எதுவரைக்கும்னு கேக்கதுக்கு ஒருத்தனுக்கும் வாய் வராது.

உச்சவரம்புன்னா எங்க காலத்து ஆளுகளுக்கு நல்லாத் தெரியும். 1961-ல நிலத்துக்குச் சட்டம் போட்டாக. அஞ்சு பேரு இருக்க குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், அதுக்கு மேல வச்சுக்கப்படாது. 1970-ல அதையும் 15 ஆக்கிட்டாக. பண்ணையாரு என்ன சும்மாவா இருந்தாரு? பொண்டாட்டி பேருல கொஞ்சம், மச்சினன் பேருல கொஞ்சம், பொறக்காத பேரன் பேருல கொஞ்சம்னு எழுதி வச்சுட்டு, மீசையைத் தடவிக்கிட்டு அதே திண்ணையிலதான் உக்காந்திருந்தாரு. அன்னைக்கு வரம்பு பெரிய மனுசனுக்கு. இன்னைக்கு வரம்பு உனக்கு. உங்கிட்ட திண்ணையும் இல்ல, எழுதி வைக்க ஆளும் இல்ல.

சரி, கார்டைத் திருப்பு. பிபிசிஎல் எஸ்பிஐ கார்டு ஆக்டேன். ம். அவன் எழுதியிருக்கதை வாசிப்போம். எழுத்து எறும்பு சைஸுல இருக்கு, நீயே வாசி. பாரத் பெட்ரோலியம் பல்க்குல 100 ரூவாய்க்குப் போட்டா 25 பாயிண்ட். நாலு பாயிண்ட் ஒரு ரூவா. அப்ப நூத்துக்கு எவ்வளவு ஆச்சு? ஆறே கால். ஏழே கால்னு சொன்னியே, மிச்சம் ஒண்ணு எங்க? அது சர்சார்ஜ். அந்த வண்டவாளத்துக்குப் பொறவு வாரேன். இப்ப வரம்பைப் பாரு. ஒரு பில்லுக்கு 2,500 பாயிண்ட்தான். அதாவது 625 ரூவா. 10,000 ரூவாய்க்குப் பெட்ரோல் போட்டா அது தீந்துரும். பதினோராவது ஆயிரத்துக்கு அந்தக் கணக்கு கெடையாது. ஒரு வாட்டி போடுதது 4,000-த்துக்கு மேல போனாலும் அது ஆட்டத்துல சேராது.

நீ மாசம் எவ்வளவுக்குப் போடுத? ஆயிரமா? உன் ஸ்ப்ளெண்டர் டாங்கே 10 லிட்டர் கொள்ளாது. நிறைய ஊத்தினாலே ஆயிரம் ரூவா பக்கம்தான் வரும். இந்த வண்டியை வச்சுக்கிட்டு 10,000 வரம்பைத் தொடணும்னா நீ தென்காசிக்கும் கன்னியாகுமரிக்கும் தெனம் போயிட்டு வரணும்.

கணக்குப் போடு, பேனா இருக்கா? மாசம் 1,000 ரூவா பெட்ரோல். 250 பாயிண்ட். 62 ரூவா 50 காசு. வருசத்துக்கு 750 ரூவா. கார்டுக்கு வருசக் கட்டணம் எவ்வளவு? 1,499. அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. மொத்தம் 1,769 ரூவா ஆச்சு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு உங்க ஆச்சி சொல்லுவா. அவ பள்ளிக்கூடமே போகாதவ.

முதல் வருசம் 6,000 பாயிண்ட் வரவேற்புக்குத் தாரான்னு சொல்லுத. வாஸ்தவம், அது 1,500 ரூவா. புதுமாப்பிள்ளைக்கு மொத தீவாளி. அடுத்த தீவாளிக்கு மாமனார் வீட்டுல என்ன மரியாதை கெடைக்கும்னு எங்கிட்டக் கேளு.

மாசம் 6,000, 8,000-னு கார்ல ஓடுதவன் இருக்கான் பாரு, அவனுக்கு இது சரி. 6,000-த்துக்குப் போட்டா மாசம் 375 ரூவா, வருசம் 4,500. கட்டணம் போக 2,700 ரூவாய்க்கு மேல மிஞ்சும். வருசத்துல 2 லட்சம் செலவழிச்சா கட்டணமும் வேண்டாம்ங்கான். அவன் தாராளமா வாங்கட்டும். நான் ஒருத்தன் வயித்துலயும் அடிக்கல. நீ எதுக்குல அவன் சட்டையை எடுத்து மாட்டிக்கிட்டுத் திரியுத?

சின்னது ஒண்ணு இருக்கே, அதை வாங்கட்டுமாங்க. பிபிசிஎல் எஸ்பிஐ கார்டு, ஆக்டேன் இல்லாதது. அதுக்குக் கட்டணம் 499, வரியோட 589. அதுல 100-க்கு 13 பாயிண்ட், ஒரு பில்லுக்கு 1,300-தான் வரம்பு. உன் ஆயிரத்துக்கு மாசம் 32 ரூவா 50 காசு. வருசத்துக்கு 390. இன்னும் 200 ரூவா கைப்பொறுப்பு. உடனே சொல்லுவ, வருசத்துல 50,000 செலவு பண்ணா கட்டணம் கெடையாதுன்னு. பெட்ரோலுக்கு 12,000 போச்சு. பாக்கி 38,000-த்துக்கு என்னல வாங்குவ? 589 ரூவாயை மிச்சம் பிடிக்கதுக்கு ஒரு வாசிங் மிசினும் ஒரு செல்போனும் வாங்கிப் போட்டவனை நான் பாத்திருக்கேன். நம்ம மேலத்தெருவுலதான் இருக்கான். போனைப் பத்தி கேட்டா கார்டைப் பத்திச் சொல்லுவான்.

இப்ப சர்சார்ஜுக்கு வா. பெட்ரோலுக்குக் கார்டு தேச்சா நூத்துக்கு ஒரு ரூவா கூடப் போடுதான். பொறவு அந்த ஒண்ணைத் திருப்பித் தாரான். திருப்பித் தந்ததையும் ஆதாயத்துல சேத்து ஏழே கால்னு போர்டு வைக்கான். ரொக்கம் குடுத்துப் பெட்ரோல் போட்டவனுக்கு இந்த ஒண்ணைப் பிடுங்கதும் கெடையாது, குடுக்கதும் கெடையாது. அவன் பாட்டுக்குப் போயிக்கிட்டிருக்கான். நீ உன் துட்டையே வாங்கிட்டு லாபம்னு சிரிக்க.

அதையாவது முழுசாத் தாரானா? 1,000 ரூவாய்க்குப் போட்டா 10 ரூவா சர்சார்ஜ், அதுக்கு ஜிஎஸ்டி 1 ரூவா 80 காசு. 10 திரும்பி வரும். 1.80 வராது, அது சர்க்கார் கஜானாவுக்குப் போயிரும். அதுலயும் நெறைய கார்டுல ஒரு வாட்டிக்கு 400-க்கோ 500-க்கோ குறையாமப் போட்டாத்தான் தள்ளுபடி. மேல 4,000 இல்லாட்டி 5,000. ஒரு பில்லுக்கு மொத்தம் 100 ரூவா, சிலதுல 250 ரூவா, அத்தோட சரி. 200-க்குப் போடுங்கண்ணேன்னு நிக்கவன்தான் நம்ம ஊருல பாதிப்பேரு. அவன் கார்டைத் தேச்சா சர்சார்ஜும் போச்சு, வரியும் போச்சு.

இந்த நூத்துக்கு ஒண்ணு என்ன பாடு படுத்திச்சு தெரியுமா? உனக்கு அப்ப மீசை மொளைச்சிருக்காது. 2016 நவம்பர்ல நோட்டு செல்லாதுன்னாக. எல்லாரும் கார்டைத் தேய்ங்கன்னாக. பல்க்குல கார்டு தேச்சா நூத்துக்கு முக்கால் ரூவா தள்ளுபடின்னும் டிசம்பர்ல சொன்னாக. சனமும் தேச்சுது. 2017 சனவரியில பேங்குக பல்க்குக்காரங்கிட்ட, தேய்க்க ஒவ்வொண்ணுக்கும் நூத்துக்கு ஒரு ரூவா வரைக்கும் நீ குடுன்னுது. அவன் கமிஷனே சொச்சம், அவன் எங்க போவான்? சனவரி 9-லேருந்து கார்டே வாங்க மாட்டோம்னு அறிவிச்சுட்டாக. டெல்லி பதறிப்போயி நடுவுல வந்து நிறுத்திச்சு. ஒரு கையில தள்ளுபடி, மறுகையில கட்டணம். அந்த முக்கால் ரூவாத் தள்ளுபடியும் கிரெடிட் கார்டுக்கு 2019 அக்டோபர் 1-ஆம் தேதியோட போயிட்டு. எவனாவது அழுதானா? ஒருத்தனும் கவனிக்கவே இல்லயே!

உன் கூட்டாளி ஒருத்தன் இந்தியன் ஆயில் ஹெச்டிஎஃப்சி கார்டு வச்சிருக்கான்லா, அவனையும் கூப்பிடு. நூத்துக்கு 5-னு தொப்பியில எழுதாத குறையா சொல்லிக்கிட்டுத் திரியுதான். மொத ஆறு மாசம் மாசத்துக்கு 250 பாயிண்ட் வரைக்கும். அதுக்குப் பொறவு 150. நூத்துக்கு அஞ்சுன்னா 150 பாயிண்ட் எத்தனை ரூவாய்க்கு? 3,000. அங்கனயே கதவைச் சாத்தியாச்சு. பாயிண்டும் முழு ரூவா பெறாது, பெட்ரோலா மாத்தினா 96 காசு. அப்ப மாசத்துக்கு உச்சம் 144 ரூவா. அவன் கார் வச்சு 10,000-த்துக்கு ஓட்டினாலும் அந்த 144-தான். நூத்துக்கு அஞ்சு எங்க போச்சு? ஒண்ணே முக்காலைக்கூட எட்டல. ஒண்ணரைக்கும் கொஞ்சம் கம்மி. இதுதான்ல சங்கதி. போர்டுல இருக்க சதவீதம் மொத மூவாயிரத்துக்கு உள்ள சதவீதம். நீ கூடப் போடப் போட அது தேஞ்சுக்கிட்டே வரும்.

இதெல்லாம் நான் பாத்தப்ப இருந்த கணக்கு. நாளைக்கு மாத்துவான். மாத்தலாம்னு நீதான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்க. எந்தப் பக்கத்துல போட்டன்னு ஞாபகம் இருக்கா? இருக்காது. பெரிய எழுத்து பத்து வருசம் நிக்கும், சின்ன எழுத்து ராவோட ராவா மாறிரும்.

நம்ம வாத்தியாரு மகன் அமெரிக்காவுல இருக்கான்லா, அங்கயும் இதே கூத்துதான். டிஸ்கவர்னு ஒரு கார்டு. சில காலாண்டுல பெட்ரோலுக்கு நூத்துக்கு 5 தருவான். மூணு மாசத்துல 1,500 டாலர் செலவு வரைக்கும்தான். 75 டாலரோட அஞ்சு முடிஞ்சுது, மிச்சத்துக்கு ஒண்ணு. அதுலயும் ஒவ்வொரு மூணு மாசத்துக்கும் எனக்கு வேணும் வேணும்னு பட்டனை அமுக்கணும். மறந்தா அஞ்சு கெடையாது. இலையைப் போட்டு உக்காந்தவங்கிட்ட, சோறு வேணுமான்னு மூணு மாசத்துக்கு ஒரு தடவ எழுதி வாங்குதான். நாகரிகம் முத்துன ஊரு.

மாசம்னு சொன்னதும் ஒண்ணாந் தேதின்னு நெனச்சிக்கிட்ட பாத்தியா, அங்கதான் நெறைய பேரு வழுக்குதான். உன் பேங்க்காரன் மாசம் வேற. உன் பில்லு என்னைக்குப் போடுதான்? 18-ஆம் தேதின்னா, 19-லேருந்து அடுத்த 18 வரைக்கும் அவனுக்கு ஒரு மாசம். நீ 20-ஆம் தேதி குலதெய்வத்துக்குக் கார் எடுத்துப் போன. அடுத்த மாசம் 10-ஆம் தேதி கல்யாணத்துக்குப் போன. உனக்கு அது ரெண்டு மாசம். அவனுக்கு ஒண்ணு. ரெண்டும் ஒரே வரம்புக்குள்ள நெருக்கும். சாத்திரம் பாத்து வண்டி எடுத்த காலம் போயி, பில்லு தேதி பாத்து வண்டி எடுக்கணும் போல இருக்கு.

பொண்டாட்டி பேருல ஒரு ஆட்-ஆன் கார்டு வாங்கிருதேன்னு சொல்லுத. பண்ணையாரு புத்தி வந்துட்டே உனக்கும்! ஆனா பேங்க்காரன் அந்தக் காலத்து தாசில்தாரு இல்ல. ரெண்டு கார்டும் ஒரே கணக்கு, ஒரே பில்லு, ஒரே வரம்பு. அவ தேச்சாலும் உன் பாயிண்ட்தான் கரையும். தனியா அவளுக்குன்னு ஒரு கார்டு வாங்கினா வரம்பு தனி. கட்டணமும் தனி.

எங்கன தேய்க்கங்கதும் இருக்கு. பாரத் கார்டைக் கொண்டு போயி இந்தியன் ஆயிலுல நீட்டினா அந்த ஏழும் இல்ல, எட்டும் இல்ல. பல்க்குல வச்சிருக்க மிஷினுக்கு 5541, 5542-னு ஒரு நம்பரு உண்டு, இது பெட்ரோல் வியாபாரம்னு பேங்குக்குச் சொல்லுதது அதுதான். உனக்கு நாத்தம் அடிச்சாப் போதும் பெட்ரோல்னு தெரியும். கம்ப்யூட்டருக்கு மூக்கு கெடையாது, நம்பரைத்தான் பாக்கும். போன்ல வாலெட்டுக்குக் கார்டுலேருந்து துட்டை ஏத்தி, அதுலேருந்து பெட்ரோலுக்குக் குடுத்தா, பேங்குக்கு அது வாலெட்டுச் செலவு. பெட்ரோல் உன் வண்டியில இருக்கும், பாயிண்ட் எங்கயும் இருக்காது.

மேலத்தெருக்காரனைச் சொன்னேன்லா, அவன் கதை இன்னும் முடியல. வீட்டுக்கு எதுத்தாப்புல ஒரு பல்க்கு இருக்கு. கார்டு அந்தக் கம்பெனிது இல்ல. ஆறு கிலோமீட்டர் தள்ளிப் போயி 1,500-க்குப் போட்டுட்டு வாரான். நூத்துக்கு மூணே கால் கணக்குல 48 ரூவா 75 காசு லாபமாம். போக வர 12 கிலோமீட்டர். அவன் காரு லிட்டருக்கு 15 குடுக்கும். முக்கா லிட்டருக்கு மேல ஓடியே போச்சு. லிட்டர் நூறு ரூவாய்க்குக் குறையாம விக்க ஊருல 80 ரூவாயை எரிச்சு 48 ரூவாயை எடுத்துட்டு வாரான். நான் ஒரு நா கேட்டேன், ஏன் ஐயா இப்பிடின்னு. பாயிண்ட் சேருது தாத்தான்னான். எதுக்குச் சேருதுன்னு கேட்டேன். சேருது தாத்தாங்கான்.

ஆனா ஒண்ணுக்கு மட்டும் வரம்பு கெடையாது. அதைக் கேட்டுட்டுப் போ. நீ பில்லை முழுசாக் கட்டாம, அடியில சின்னதா ஒரு தொகை போட்டிருப்பான் பாரு, அதை மட்டும் கட்டினன்னு வையி, மிச்சத்துக்கு மாசம் நூத்துக்கு மூணரை, சிலவன் அதுக்கு மேல. வருசத்துக்கு 42-ஐத் தாண்டும். கந்துவட்டிக்காரன்கூட வீட்டு வாசல்ல வந்து நிப்பான், ஆளைப் பாத்தா ஒரு பயம் இருக்கும். இவன் எஸ்எம்எஸ்ல பாசமாக் கேக்கான். 2008-ல தேசிய நுகர்வோர் ஆணையம் வருசத்துக்கு 30-க்கு மேல வாங்குதது அநியாயம்னு தீர்ப்புச் சொல்லிச்சு. பேங்குக அப்பீலுக்குப் போச்சு. 2024 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை ரத்து பண்ணிட்டு. உனக்குத் தார 625 ரூவாய்க்கு வரம்பு உண்டு. உங்கிட்ட வாங்குத வட்டிக்கு அந்த 30-ம் இல்ல. ஒரு மாசம் 5,000 ரூவாயை நிலுவையில விட்டாப் போதும், 175 ரூவா வட்டி. நீ ஆயிரம் ஆயிரமா மூணு மாசம் பெட்ரோல் போட்டு ஆக்டேன்ல சேத்த பாயிண்ட் கிட்டத்தட்ட பூராவும் அதோட போச்சு.

சரி, கார்டை உள்ள வையி. கிழிச்சுப் போடுன்னு நான் சொல்லல. வண்டிக்கு மாசம் எவ்வளவு ஊத்துதன்னு வீட்டுல காலண்டர் பின்னாடி மூணு மாசம் எழுதிப் பாரு. பொறவு பெருக்கு. கட்டணத்தைக் கழி. கையில நிக்கது ரூவாயா வந்தா வச்சுக்கோ.

வரலன்னா மூடிரு. அதுக்கும் ஒரு வழி இருக்கு, ரிசர்வ் பேங்க்காரன் 2022-ல எழுதி வச்சிருக்கான். பாக்கி ஒண்ணும் இல்லாம நீ கார்டை மூடுன்னு எழுதிக் குடுத்தா ஏழு வேலை நாளுக்குள்ள மூடணும். மூடாம இழுத்தா, இழுக்க ஒவ்வொரு நாளைக்கும் பேங்க்காரன் உனக்கு 500 ரூவா குடுக்கணும். பாயிண்ட் இல்லல, ரூவா. கணக்கை மூடுத நாள் வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கும். அந்தத் தாளை நான் ரெண்டு வாட்டி வாசிச்சுப் பாத்துட்டேன், இதுக்கு மட்டும் உச்சவரம்பு போட மறந்துட்டாக. நீ சத்தம் காட்டாத.